பிப்ரவரி 30-க்கு ஒரு கட்டம்

அக்கா மகளும் நானும் வீட்டிலேயே செய்த காலண்டர் சுவரில் ஏறி மூன்று வாரம் ஆகிறது. இதுவரை கிழியவில்லை, விழவில்லை. இதற்கு முன் தொங்கவிட்டது மூன்றாம் நாளே ஆணியை விட்டுவிட்டுத் தரைக்கு வந்ததால், நடந்தது எல்லாவற்றையும் மறப்பதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அக்கா மகள் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலை நான்கு முறை படித்தவள். ஹில்டெப்ராண்ட் இரட்டையர் 1976, 1977, 1978 ஆண்டுகளுக்கு வரைந்த டோல்கீன் காலண்டர்களின் படங்களைப் பார்த்துவிட்டு, "மாமா, பழைய காலண்டரையே வாங்கி மாட்டினா என்ன? தேதியும் கிழமையும் திரும்ப வருமாமே" என்றாள். வரும்தான். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 1978-இன் காலண்டர் 2023-க்கு அச்சாகப் பொருந்தியிருக்கும், அடுத்து 2034. 1977-இனுடையது 2033-க்கு. 1976 லீப் வருடம் என்பதால் 2032 வரை காத்திருக்க வேண்டும். எங்களுக்கு வேண்டியதோ 2026. அதற்குப் பொருந்துபவை 1970, 1981, 1987, 1998, 2009, 2015. இரட்டையர் வரைந்த மூன்றில் ஒன்றும் இந்தப் பட்டியலில் இல்லை. "சரி, நாமே செய்யலாம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

படங்கள் எங்களுடையவை: அவள் பென்சில், நான் வாட்டர்கலர். டோல்கீன் இறந்தது 1973-இல். நாவலுக்கும் அதை வைத்து மற்றவர்கள் வரைந்த ஓவியங்களுக்கும் உரிமை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆகவே யாருடைய ஓவியத்தையும் எடுக்கவில்லை. செய்ததும் ஒரே பிரதி, விற்பனைக்கு அல்ல.

முதலில் மாதத்துக்கு ஒரு காட்சி. நாவலின் பிற்சேர்க்கையில் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று நாள்வாரியாகப் பட்டியலே இருக்கிறது. ஜனவரிக்கு மோரியா என்ற இருண்ட சுரங்க நகரின் பாலம் (15), பிப்ரவரிக்கு ஆற்றின் இருபுறமும் நிற்கும் ராஜா சிலைகள் (25), மார்ச்சுக்கு மோதிரம் அழியும் நெருப்பு மலை (25), மே மாதத்துக்கு ராஜா அரகார்னின் முடிசூட்டு (1), ஜூலைக்கு மந்திரவாதி கேண்டால்ஃபைச் சிறை வைத்த கோபுரம் (10), அக்டோபருக்கு வெதர்டாப் குன்று (6), டிசம்பருக்கு ரிவெண்டெலை விட்டுக் கிளம்பும் ஒன்பது பேர் (25). ஆகஸ்டுக்குத்தான் ததிங்கிணத்தோம். போர் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பிக்கொண்டிருக்கும் மாதம் அது. கடைசியில் மரங்கள் சூழ்ந்த ஐசன்கார்டு கோட்டையை வரைந்து சமாளித்தோம்.

வரைந்து முடிக்கப் பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அதைப்பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரைபவர்களுக்குத் தெரியும், வரையாதவர்களுக்கு அலுக்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) வாட்டர்கலர் தாள், ஏ4 அளவு, படுக்கைவாட்டம். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஒரு படம் 3508 × 2480 பிக்சல் வரும். அச்சிடும் அளவும் ஏ4தான் என்பதால் அதற்கு மேல் தேவைப்படவில்லை.

அடுத்து கட்டங்கள். படத்தில் அல்ல, இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஏ4 தாளின் அகலம் 297 மி.மீ. இருபுறமும் 10 மி.மீ. விட்டால் 277, ஏழால் வகுத்தால் ஒரு கட்டம் 39.5 மி.மீ. உயரம் 210-இல் மாதப் பெயருக்கு 30, கீழே ஆணியில் மாட்டும் துளைக்கு 20 போக 160. ஐந்து வரிசைக்கு 32 மி.மீ. வீதம். ஐந்து வரிசை என்று ஏன் முடிவு செய்தேன் என்றால், 2026-இல் ஞாயிறு முதல் போட்டால் பெரும்பாலான மாதங்கள் அதற்குள் அடங்கிவிடும். மே, ஆகஸ்டு இரண்டுக்கு மட்டும் ஆறு வேண்டும். ஆறாம் வரிசையில் மே மாதத்தில் 31 மட்டும், ஆகஸ்டில் 30, 31. அவற்றுக்காகப் பன்னிரண்டு மாதக் கட்டங்களையும் குறுக்க மனம் வரவில்லை. கடைகளில் வரும் காலண்டர்களைப் போல 23/30, 24/31 என்று ஒரே கட்டத்தைக் குறுக்குக்கோட்டால் இரண்டாக்கினேன்.

அப்புறம் நிகழ்ச்சிகளைத் தேதிகளில் நிரப்பத் தொடங்கினேன். மார்ச் மாதம் பிதுங்கியது. மார்ச் 25-க்கு முன்னால் ஏறக்குறைய நாளுக்கு ஒரு நிகழ்ச்சி. முதலில் 7 பாயிண்ட் எழுத்தில் போட்டேன். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது அழகாக இருந்தது. அச்சிட்டுச் சுவரில் வைத்து இரண்டடி தள்ளி நின்றால் ண, ன, ள எல்லாம் ஒரே எறும்புக் கூட்டம். தமிழ் எழுத்துக்கு 9 பாயிண்டுக்குக் கீழே போகக்கூடாது என்பது என் கண்ணுக்குத் தெரிந்த பாடம். 9 பாயிண்டில் ஒரு கட்டத்துக்கு மூன்று சொல்தான் பிடித்தது. ஆகவே பெரிய நிகழ்ச்சிக்கு மட்டும் சொல். மற்றதற்கு அவள் வரைந்த சின்ன முத்திரைகள்: கத்தி, படகு, மோதிரம், குழல்.

இனி தேதித் தகராறு. கதையில் ஹாபிட்கள் என்ற குள்ள மனிதர்கள் வாழும் நாடு ஷயர். ஷயர் மக்களின் ஆண்டில் ஒவ்வொரு மாதமும் சரியாக 30 நாள். பன்னிரண்டு மாதம் போக மீதி ஐந்து நாளும் எந்த மாதத்திலும் சேராது: ஆண்டின் இரு முனையிலும் ஒவ்வொரு யூல் நாள், ஜூனுக்கும் ஜூலைக்கும் நடுவில் மூன்று லித் நாள். லித் நாட்களின் நடுவில் வரும் 'ஆண்டு நடுநாள்' வாரக்கிழமையிலும் சேராது. அதனால் அங்கே எந்தத் தேதிக்கும் எல்லா வருடமும் ஒரே கிழமை. காலண்டர் ஒரு முறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும்! நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நம் ஜனவரி 1 ஏறக்குறைய ஷயரின் ஜனவரி 9-க்குச் சமம் என்று டோல்கீனே எழுதி வைத்திருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு நான் மிகவும் கெட்டிக்காரத்தனமாக எல்லாத் தேதிகளையும் மாற்றினேன். ஷயரின் மார்ச் 25 நமக்கு மார்ச் 18. செப்டம்பர் 22 நமக்கு செப்டம்பர் 14. இரண்டு மாலை இதற்கே போனது. பெருமையாகக் காட்டினேன். அவள் செப்டம்பரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பில்போ, ஃப்ரோடோ பிறந்தநாள் எப்படி மாமா பதினாலாச்சு?" என்றாள். கணக்கை விளக்கினேன். "கணக்கு சரியா இருக்கலாம். ஆனா யாரும் பதினாலாம் தேதி கொண்டாட மாட்டாங்க" என்றாள். அது உண்மை. வாசகர்கள் அந்த இரண்டு ஹாபிட்களின் பிறந்தநாளைக் கொண்டாடுவது செப்டம்பர் 22-இல்தான். டோல்கீன் சொசைட்டி 2003 முதல் வாசிப்பு நாளாக வைத்திருப்பதும் மார்ச் 25-ஐத்தான், 18-ஐ அல்ல. புத்தகத்தில் இருக்கும் எண்தான் சுவரிலும் இருக்க வேண்டும். கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் பழையபடி நகர்த்தினேன்.

நகர்த்தியதும் அடுத்த கேள்வி வந்தது. "பிப்ரவரி முப்பது எங்க?"

புத்தகத்தில் பிப்ரவரி 29-இல் மெர்ரி, பிப்பின் என்ற இரண்டு ஹாபிட்கள் தப்பித்து, நடக்கும் மர மனிதரான ட்ரீபியர்டைச் சந்திக்கிறார்கள். 30-இல் மர மனிதர்களின் கூட்டம் தொடங்குகிறது. நம் 2026 பிப்ரவரியோ 28-இல் முடிகிறது. முதலில் இரண்டையும் 28-க்குள்ளேயே திணித்தேன்; அசிங்கமாக இருந்தது. மார்ச் 1-க்குத் தள்ளலாம் என்றால் அங்கே ஏற்கெனவே இடமில்லை. விட்டுவிடலாம் என்று சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனையை நானே வாபஸ் வாங்கிக்கொண்டேன். அந்தச் சிக்கலை அப்படியே வைத்துவிட்டு அச்சு வேலைக்குப் போனேன்.

வடிவம் இதுதான்: ஏ3 தாளை நடுவில் மடித்தால் ஏ4. திறந்து மாட்டினால் மேலே படம், கீழே கட்டம். 12 மாதத்துக்கு 24 பக்கம், முன்னட்டை, பின்னட்டை, உள்ளே கூடுதலாக ஒரு விரிப்பு. மொத்தம் 28 பக்கம், 7 தாள். அந்தக் கூடுதல் விரிப்பில் ஷயர் ஆண்டின் முழு அட்டவணை. ஏ3 பிரிண்டர் நண்பரிடம் இரவல். தாள் இரு பக்கமும் அச்சாகும் மேட் வகை, 170 ஜிஎஸ்எம், 20 தாள் கொண்ட ஒரு கட்டு. பளபளப்புத் தாள் படத்துக்கு இன்னும் நன்றாக இருக்கும்; ஆனால் கட்டத்தில் பேனாவால் ஏதாவது குறித்தால் ஈஷிக்கொள்ளும். எழுத முடியாத காலண்டர் எதற்கு?

முதல் தப்பு: ஜனவரிப் படத்தையும் ஜனவரிக் கட்டத்தையும் ஒரே தாளின் ஒரே பக்கத்தில் வைத்து, பின்பக்கம் பிப்ரவரி என்று மூன்று தாள் அச்சிட்டுவிட்டேன். ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துச் செருகினால் ஜனவரிப் படத்துக்குக் கீழே வேறு ஏதோ மாதம் நிற்கிறது. நடு மடிப்புப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் அச்சாகும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் மொத்தப் பக்கத்தைவிட ஒன்று அதிகமாக வர வேண்டும். இங்கே 29. ஜனவரிப் படம் 2-ஆம் பக்கம், அதன் ஜோடி 27. படமும் கட்டமும் ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் ஒரே மாதம் ஜூலை (14, 15), அதுதான் நட்டநடுத் தாள். பழைய கணக்கு நோட்டுத் தாளை மடித்து எண் போட்டு ஒரு மாதிரி செய்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். மூன்று நல்ல தாளைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது தப்பு: பிரிண்டர் பின்பக்கத்தை எந்த விளிம்பு வழியாகத் திருப்புகிறது என்பது. வழக்கமாக நீள விளிம்பு என்று இருக்கும். புத்தகத்துக்கு அது சரி. சுவர்க் காலண்டரின் தாளை நாம் கீழிருந்து மேலே தூக்குகிறோம். ஆகவே குறுகிய விளிம்பு என்று மாற்ற வேண்டும். மாற்றாததால் ராஜா சிலைகள் தலைகீழாக நின்றன. இரண்டு தாள் போயிற்று.

மூன்றாவது, மோரியா. திரையில் கேண்டால்ஃபின் கோலிலிருந்து வரும் வெளிச்சம் தூண்கள் வரை பரவித் தெரிந்தது. அச்சில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை, மற்றதெல்லாம் கரி. திரை தானாக ஒளிர்வது, தாள் ஒளிராது என்பதை என் மூளைக்கு யாரும் சொல்லவில்லை. அதே தாளில் 6 செ.மீ. அகலப் பட்டைகளாக, ஒவ்வொன்றிலும் இருட்டுப் பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறச் செய்து அச்சிட்டேன். இதற்கு இரண்டு தாள். திரையில் 'ஐயோ, வெளுத்துப் போச்சே' என்று தோன்றிய நான்காவது பட்டைதான் தாளில் சரியாக வந்தது.

நான்காவது, மடிப்பு. அச்சான தாளை மடித்ததும் மடிப்பு நெடுக மை விண்டு வெள்ளைக் கீற்று தெரிந்தது. தாளுக்கும் மரம் போல ஓட்டம் உண்டு. எந்தப் பக்கம் வளைத்தால் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அந்த மடிப்புக்கோட்டை ஒட்டித்தான் ஓட்டம். என் தாளில் ஓட்டம் நீளவாக்கில் இருந்தது. நான் மடித்தது குறுக்கே. நான்கு தாள் விண்ட பிறகுதான் கையை நிறுத்தினேன். எஞ்சியவை ஒன்பது. அதே தாளை வைத்துச் சமாளித்த வழி: மடிப்புக்கோட்டின் இருபுறமும் 5 மி.மீ. அச்சில்லாமல் வெள்ளையாக விட்டேன். எழுதாத பால்பாயிண்ட் பேனாவை ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி இரண்டு முறை அழுத்தி ஓட்டி, பிறகு மடித்தேன். அந்த வெள்ளைக் கோடு படத்துக்குச் சட்டம் போட்டது போல ஆகிவிட்டது. கேட்பவர்களிடம் வேண்டுமென்றே செய்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கட்டுவது. சாதாரண ஸ்டேப்ளர் ஓரத்திலிருந்து 210 மி.மீ. உள்ளே எட்டாது. அதனால் தையல். மடிப்பு 297 மி.மீ. நீளம், ஓரத்தில் 40 மி.மீ. விட்டு, 54 மி.மீ.க்கு ஒன்றாக 5 துளை. குத்தூசியால் உள்ளிருந்து வெளியே குத்தினேன். மெழுகு பூசிய நூல் 90 செ.மீ. போதுமானதாக இருந்தது. நடுத் துளையில் உள்ளிருந்து தொடங்கி, ஒரு முனைக்குப் போய், திரும்பி மறுமுனைக்குப் போய், நடுவுக்கே வந்து முடிச்சு. தைத்த பிறகு உள்தாள்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கட்டருக்குப் புது பிளேடு போட்டு, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரே வெட்டில் முடிக்கப் பார்க்காமல் ஏழெட்டு முறை இழுத்தேன். பழைய பிளேடு தாளைக் கவ்விக் கிழிக்கும். இந்த ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

துளையை ஓரத்திலிருந்து 6 மி.மீ. தள்ளிப் போட்டு மாட்டினேன். அதுதான் நான் முதலில் சொன்ன மூன்றாம் நாள் விபத்து. ஜனவரியில் திறந்து மாட்டும்போது மேலே இருப்பது முன்னட்டை என்ற ஒற்றை இதழ்தான். மற்ற 13 இதழ்களும் அதன் கீழே தொங்குகின்றன. ஏழு தாளின் மொத்த எடை கிட்டத்தட்ட 150 கிராம்; அவ்வளவும் ஒரு தாளின் ஒரு துளையில். டிசம்பரில் 12 இதழ்கள் மேலே போய்ச் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஆக, காலண்டர் கிழிவதாக இருந்தால் ஜனவரியிலேயே கிழியும். இது தெரிந்த பிறகு முன்னட்டையை மட்டும் பலப்படுத்தினால் போதும் என்று புரிந்தது. கிழிந்த அட்டைத் தாளை மறுபடி அச்சிட்டு, தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன். அட்டையின் முகப்பில், ஜனவரியில் சுவரைப் பார்க்கும் பக்கம், 30 மி.மீ. சதுரத் துண்டு ஒன்றை வெள்ளைப் பசையால் ஒட்டி, ஓர் இரவு புத்தகங்களுக்கு அடியில் வைத்தேன். துளை இப்போது ஓரத்திலிருந்து 12 மி.மீ. மற்ற இதழ்களின் பழைய துளையும் புதுத் துளையும் ஒட்டிக்கொண்டு எட்டு போலத் தெரிகின்றன. யாரும் இதுவரை கேட்கவில்லை.

செலவு என்றால் தாள் கணக்குதான் எனக்கு உறைக்கிறது. தேவை 7. போனது 19: தவறான ஜோடி 3, தலைகீழ் 2, மோரியாவுக்கு 2, விண்டது 4, கிழிந்த அட்டை 1, நல்லது 7. கட்டில் மிச்சம் ஒன்று. தாளைவிட மைதான் அதிகம் தின்றது. அதிலும் கறுப்பு, மோரியாவும் நெருப்பு மலையின் புகையும் பாதியைக் குடித்துவிட்டன.

அடுத்த முறை மாற்றப்போவது மூன்று. குறுக்கு ஓட்டமுள்ள ஏ3 தாளைக் கேட்டு வாங்குவது. அச்சிடும் முன் வெறுந்தாளில் மாதிரி செய்வது. மூன்றாவது பெரிய மாற்றம்: ஜனவரியில் தொடங்கக்கூடாது. இந்தக் கதையின் பயணம் செப்டம்பரில் கிளம்பி, அடுத்த நவம்பரில் ஊர் திரும்புகிறது. ஜனவரியில் காலண்டரைத் திறந்தால் கதையின் நடுவில், மோரியாவுக்குள் நிற்கிறோம். கிளம்பியதே எட்டு மாதம் கழித்துத்தான் வருகிறது. செப்டம்பரில் தொடங்கும் 15 மாதக் காலண்டராகப் போட்டால் படங்கள் கதை வரிசையிலேயே வரும். பக்கம் கூடும், ஒன்பது தாள் ஆகலாம். தையல் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 30-ஐச் சொல்லாமல் விட்டேன். கடைசி அச்சுக்கு முன் கோப்பைச் சரிபார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. 2026 பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, சனிக்கிழமை 28-இல் முடிகிறது. துல்லியமாக நான்கு வரிசை. நான் ஐந்து வரிசைக் கட்டம் போட்டிருந்ததால் கீழே ஒரு வரிசை முழுக்கக் காலி. ஜூனைப் பார்த்தேன்: 30 செவ்வாயோடு முடிய, பக்கத்தில் நான்கு காலிக் கட்டம், மூன்று லித் நாளும் அங்கே உட்கார்ந்துகொண்டன, நடுவில் அரகார்னின் கல்யாணத்தோடு. ஜனவரி 1-க்கு முன்னால் இருந்த காலிக் கட்டத்தில் யூல்.

பிப்ரவரியின் காலி வரிசையை மட்டும் அச்சில் நிரப்ப வேண்டாம் என்றாள். காலண்டரை மாட்டிய அன்று நாற்காலி போட்டு ஏறி, அந்தப் பக்கத்தைத் தூக்கி, பென்சிலால் 29, 30 என்று எழுதி, 30-க்குப் பக்கத்தில் ஒரு மரம் வரைந்தாள். மரத்துக்குக் கால் இருக்கிறது.